கரைவதா? கலப்பதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் மொழியையும் மதத்தையும் உடையையும் உணவையும் காத்துக்கொண்டு வாழலாமா? அல்லது, வந்த நாட்டின் வழக்கங்களில் கரைந்து போய்விட வேண்டுமா? மேலை நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இது. முன்னதைப் பல பண்பாட்டுக் கொள்கை என்றும், பின்னதை ஒருமைப்பாடு என்றும் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். எங்கேனும் ஒரு குண்டு வெடித்தால் மறுநாளே இந்த வழக்கு மீண்டும் மன்றம் ஏறிவிடுகிறது. "தனித்தனியே வாழவிட்டீர்கள், அதனால்தான் மதவெறி வளர்ந்தது" என்பார் ஒரு சாரார். "கரைந்து போ என்று கழுத்தைப் பிடித்தீர்கள், அதனால்தான் வெறுப்பு வளர்ந்தது" என்பார் மறு சாரார்.

நம் கல்லூரித் தமிழ் மன்றத்திலும் இவ்வாண்டு இப்பொருளில் பட்டிமன்றம் ஒன்று நடந்தது. இரு அணியினரும் நன்றாகவே பேசினார்கள். கைதட்டலுக்கும் குறைவில்லை. "இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும்" என்று நடுவர் தீர்ப்பளித்தார். பட்டிமன்றத்துக்கு அது பொருத்தமான தீர்ப்புதான். எல்லோரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். ஆயினும் எனக்கு நிறைவில்லை. இரு அணியினருமே ஒன்றை மெய்ப்பிக்காமலே வைத்துக்கொண்டு பேசினார்கள். குடியேறியவர்களை நடத்துவதில் அரசு கைக்கொள்ளும் கொள்கைதான் மதத் தீவிரவாதத்தை வளர்க்கிறது, அல்லது தடுக்கிறது என்பதே அது. உண்மைதானா?

உப்புப் பகுப்பாய்வு செய்யும் மாணவர் யாருக்கும் இது தெரிந்திருக்கும். வீழ்படிவு தோன்றியதற்கு இன்ன அயனிதான் காரணம் என்று எழுதினால் மட்டும் பேராசிரியர் மதிப்பெண் தரமாட்டார். அந்த அயனி இல்லாத கரைசலில் அதே வீழ்படிவு தோன்றுகிறதா என்று பார்த்தாயா என்று கேட்பார். அதே கேள்வியை இங்கும் கேட்டுப் பார்க்கலாம். (நம் நாட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். இரு அணியும் எடுத்துக்காட்டியவை மேலை நாடுகள். ஆகவே நானும் அங்கேயே நின்று பேசுகிறேன்.)

நான்கு குடுவைகள்

முதலாவது பிரிட்டன். அங்கே உள்துறை அமைச்சராயிருந்த ராய் ஜென்கின்ஸ் 1966-ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில், ஒருமைப்பாடு என்றால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று, சம வாய்ப்பும் பண்பாட்டு வேற்றுமையும் பரஸ்பரப் பொறுமையும் சேர்ந்து இருப்பதே என்று விளக்கினார். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மோட்டார் சைக்கிளில் செல்லும் சீக்கியர் தலைப்பாகை அணிந்திருந்தால் ஹெல்மெட் வேண்டாம் என்று விலக்கு அளித்தது. அப்படிப்பட்ட நாட்டில்தான் 2005 ஜூலை 7 அன்று இலண்டனில் நான்கு இளைஞர்கள் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேரைக் கொன்றார்கள்.

இரண்டாவது பிரான்சு. பிரிட்டனுக்கு நேர் எதிரான கொள்கை. 1905-ஆம் ஆண்டிலேயே மதத்தையும் அரசையும் சட்டம் போட்டுப் பிரித்த நாடு. குடிமகன் என்ற ஒரே அடையாளம்தான் அரசின் கண்ணுக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கில் மதத்தைக் கேட்பதுகூட இல்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவிகள் தலைமறைப்பு அணிந்து வகுப்புக்கு வரக்கூடாது. அங்கேதான் 2015 ஜனவரியில் 'சார்லி ஹெப்டோ' இதழ் அலுவலகத்தைத் தாக்கி 12 பேரைக் கொன்றார்கள் சகோதரர் இருவர். இருவரும் பாரிசில் பிறந்தவர்கள். பெற்றோரை இழந்தபின் பிரெஞ்சுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டனர்.

மூன்றாவது ஜெர்மனி. 1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழிலாளரை வரவழைத்தது. அவர்களுக்கு அது வைத்த பெயரே விருந்தாளித் தொழிலாளர். விருந்தாளி என்றால் ஒருநாள் போய்விட வேண்டும் அல்லவா? அவர்களுடைய பிள்ளைகள் ஜெர்மனியிலேயே பிறந்தாலும் பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அந்தச் சட்டம் மாறிற்று. 2010-இல் அந்நாட்டின் தலைமை அமைச்சர் மெர்க்கல் பல பண்பாட்டு முயற்சி அடியோடு தோற்றுவிட்டது என்று அறிவித்தார். செய்யாத முயற்சி எப்படித் தோற்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களை மோதியவர்களுள் முகம்மது அட்டா உள்ளிட்ட முக்கியமானவர்கள் ஒன்றுகூடித் தீவிரவாதிகளானது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், மாணவர்களாக இருந்தபோது.

நான்காவது கனடா. 1971-ஆம் ஆண்டிலேயே பல பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்து, 1988-இல் அதைச் சட்டமாகவும் ஆக்கிய நாடு. அங்கிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா 182 விமானம் 1985 ஜூன் 23 அன்று காலிஸ்தான் தீவிரவாதிகள் வைத்த குண்டினால் கடலுக்கு மேலே சிதறிற்று. இறந்தவர் 329 பேர். அவர்களுள் 268 பேர் கனடாவின் குடிமக்கள். ஆனால் கனடாப் பிரதமர் தொலைபேசியில் இரங்கல் தெரிவித்ததோ நம் பிரதமர் இராஜீவ் காந்திக்கு! கொள்கை ஏட்டில் இருந்தது. இறந்தவர்கள் தம்மவர் என்ற எண்ணம் நெஞ்சில் வரவில்லை.

நான்கு குடுவைகளில் நான்கு வெவ்வேறு கரைசல்கள், நான்கிலும் வீழ்படிவு. அப்படியானால் கரைசலின் பெயரைக் கொண்டு காரணம் சொல்வது அறிவியலாகாது. கொள்கைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்கை இரு கட்சியாகப் பிரித்துக்கொண்டு மேசையைத் தட்டுவதால் உண்மைக் காரணங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. அவற்றைத் தேட வேண்டுமானால் பிரிட்டனின் வடபகுதிக்குப் போக வேண்டும்.

ஆலைச் சங்கு

பிராட்போர்டு கம்பளி நூலுக்குப் பேர்போன நகரம். ஓல்டாமும் பர்ன்லியும் பருத்தி ஆலை நகரங்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆலை முதலாளிகள் புதிய இயந்திரங்களை வாங்கினார்கள். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் அவை இரவும் பகலும் ஓட வேண்டும். பெண்களை இரவில் வேலை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்களுக்கு இரவு வேலையில் விருப்பமில்லை. அந்த இரவு ஷிப்டை நிரப்ப வந்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரில் உள்ள மீர்ப்பூர் வட்டாரத்தார். அங்கே 1960-களில் மங்களா அணை கட்டப்பட்டபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வீட்டையும் நிலத்தையும் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். அவர்களிலும் பலர் பிரிட்டனுக்குப் புறப்பட்டார்கள்.

என் அப்பாவும் பஞ்சாலைத் தொழிலாளிதான். மூன்றாம் ஷிப்டு என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் சின்னத் தம்பிக்குக்கூடத் தெரியும். பகலில் அப்பா உறங்கும்போது நாங்கள் வாய்விட்டுப் படிக்கமாட்டோம். ஆனால் அப்பாவின் ஷிப்டில் பல சாதியாரும் மூன்று மதத்தாரும் இருந்தார்கள். நடு இரவில் எல்லாத் தூக்குவாளிகளும் ஒரே இடத்தில் திறக்கும். அப்பாவுக்கு நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் அறிமுகமானது ஆலைக்குள்தான். பிராட்போர்டில் அப்படி நடக்கவில்லை. இரவு ஷிப்டு பெரும்பாலும் ஆசியருடையது, பகல் ஷிப்டு வெள்ளையருடையது. ஒருவர் வெளியேறும் வாயிலில் மற்றவர் நுழைவார். மேற்பார்வையாளரிடம் பேச ஒரே ஒருவனுக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு அதன் தேவையே எழவில்லை. ஆக, அந்நகரங்களில் பிரிந்து வாழும் வாழ்வைத் தொடங்கி வைத்தது எந்தக் கொள்கையும் அன்று, ஷிப்டு அட்டவணை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆரம்பத்தில் வந்த ஆண்கள் சில ஆண்டு உழைத்துப் பணம் சேர்த்து ஊர் திரும்புவதும், அவர்களுக்குப் பதிலாக அண்ணன் மகனோ தம்பியோ வருவதுமாக இருந்தார்கள். 1962-ஆம் ஆண்டில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. போனால் திரும்ப வர இயலாது என்ற அச்சத்தில் அவர்கள் போவதை நிறுத்தினார்கள். மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். கதவை அடைக்கப் போட்ட சட்டமே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றி வைத்தது.

பிறகு 1970-களிலும் 80-களிலும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை மூடினால் என்ன ஆகும் என்பதை இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. நம் மாணவர் பலருடைய வீட்டிலேயே அந்தக் கதை உண்டு. தந்தையர் டாக்சி ஓட்டினார்கள், சிறு உணவுக் கடை வைத்தார்கள். வெள்ளைத் தொழிலாளியும் வேலை இழந்தார். ஒரே ஆலைச் சங்கு ஓய்ந்ததால் துன்புற்ற இரு கூட்டத்தாருக்கும் அந்தத் துன்பத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளப் பொது இடம் ஒன்றுகூட இல்லை. தெரு வேறு, பள்ளி வேறு, விளையாடும் திடல் வேறு. 2001-ஆம் ஆண்டு கோடையில் ஓல்டாம், பர்ன்லி, பிராட்போர்டு மூன்றும் அடுத்தடுத்துத் தீப்பற்றின. பிராட்போர்டில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமுற்றனர். அதை ஆராய்ந்த டெட் காண்டில் குழு அவ்வாண்டு டிசம்பரில் தந்த அறிக்கையில், இம்மக்கள் இணைகோடுகளைப் போன்ற வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று கண்டது. இணைகோடுகள் எவ்வளவு தூரம் நீண்டாலும் சந்திப்பதில்லை என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

இதற்கு மாறான ஒரு காட்சியும் அதே நாட்டில் உண்டு. இலண்டனில் கிரன்விக் என்னும் புகைப்படம் கழுவும் தொழிற்கூடத்தில் 1976 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்நின்றவர் ஜெயாபென் தேசாய். குஜராத்தில் பிறந்து கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தவர். சேலை உடுத்திய சிறிய உருவம். அவருக்குத் துணையாக 1977-இல் யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து வாயிலில் நின்றனர். அவ்வட்டார அஞ்சல் ஊழியர்கள் அக்கூடத்தின் தபாலைத் தொட மறுத்தனர். 1968-இல் குடியேறியோருக்கு எதிராகப் பேசிய ஈனாக் பவலை ஆதரித்து ஊர்வலம் போனவர்கள் இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் அதே துறைமுகத்தார் தங்கள் சங்கக் கொடியோடு தேசாய்க்காக வந்தார்கள். வேலைநிறுத்தம் 1978-இல் தோல்வியில் முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் துறைமுகத்தாரின் மனத்தை மாற்றியது பண்பாட்டைப் பற்றிய சொற்பொழிவா? இல்லை. ஒரே வாயிலில் ஒரே கோரிக்கையோடு நின்றது.

வறுமைதான் காரணமா?

அப்படியானால் வேலையின்மையும் வறுமையும்தான் மதவெறிக்கு வித்து என்று முடித்துவிடலாமா? நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் விடை அது. எனக்கும் அதுவே விருப்பமான விடை. ஆனால் சோதனையில் அதுவும் நிற்கவில்லை.

2005-இல் இலண்டனில் குண்டு வைத்த நால்வருக்கும் மூத்தவர் முகம்மது சித்தீக் கான், வயது 30. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பில் துணை செய்யும் பணியில் இருந்தவர். இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்தவர், கிரிக்கெட் ஆடுபவர், தந்தைக்குச் சொந்தக் கடை இருந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பிரிட்டனில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். அவர்களிலே இவர்களைக் காட்டிலும் வறியவர்கள் எத்தனையோ ஆயிரம். அவர்கள் டாக்சி ஓட்டினார்கள், இரவு பகலாக உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், குண்டு வைக்கவில்லை. வறுமை காரணம் என்று சொல்வது அந்த வறியவர்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

மார்க் சேஜ்மன் என்பவர் மனநல மருத்துவர். முன்பு அமெரிக்க உளவுத் துறையில் பணியாற்றியவர். இத்தகைய தீவிரவாதிகள் 172 பேருடைய வாழ்க்கை விவரங்களைத் தொகுத்து 2004-இல் நூலாக வெளியிட்டார். அவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்தார், படித்தவர். அவர்கள் இயக்கத்துக்குள் நுழைந்த வழி பெரும்பாலும் நட்பு, அடுத்து உறவு. கொள்கையை ஏற்றுக்கொண்டு நண்பர்களானவர்களைவிட, நண்பர்களாகிப் பின் கொள்கைக்குள் போனவர்களே மிகுதி.

இன்னொரு ஆய்வு நம்மைப் போன்றவர்களைச் சற்று நேராகவே தாக்குகிறது. டியேகோ காம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டாக் என்ற இரு அறிஞர்கள், முஸ்லிம் நாடுகளில் தோன்றிய தீவிரவாதிகளுள் உயர்கல்வி கற்றவர்கள் என்ன பாடம் படித்தார்கள் என்று தேடினார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேர் பொறியியல் படித்தவர்கள்! (பொறியியல் கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் என்மேல் வருந்த வேண்டாம், கணக்கு என்னுடையதன்று.) பொறியியல் படித்தவர்கள் இப்படி மிகுதியாக இல்லாத ஒரு நாடு சவூதி அரேபியா, அங்கே அவர்களுக்கு வேலை கிடைத்தது. மற்ற நாடுகளில், படித்தால் உயரலாம் என்று நம்பிக் கடினமான பாடத்தை எடுத்துப் படித்தார்கள். படித்து முடித்தபோது கதவுகள் சாத்தியிருந்தன. அதோடு இன்னொன்றையும் அவ்வறிஞர்கள் சேர்க்கிறார்கள்: எல்லாக் கணக்குக்கும் ஒரே ஒரு சரியான விடைதான் என்று பழகிய மனம், உலகத்துக்கும் அப்படி ஒரு விடை இருக்க வேண்டும் என்று தேடுமாம்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்டவள் நான் ஒருத்தி. எங்கள் தெருவில் பட்டம் வாங்கி மூன்று ஆண்டாக வீட்டில் இருக்கும் அண்ணன்மார் உண்டு. ஏழையின் வருத்தம் வேறு. படித்தும் கதவு திறக்காதவனின் வருத்தம் வேறு. முன்னவனுக்கு அது விதி என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பின்னவனோ, யார் கதவைச் சாத்தியது என்று கேட்கக் கற்றவன். அந்தக் கேள்விக்கு உடனடியாகப் பெயர் சொல்லிப் பதில் தருகிறவன் எவனோ, அவன் பின்னால் போகும் ஆபத்து அவனுக்கு அதிகம்.

கதவு உண்மையிலேயே சாத்தப்படுகிறதா, அல்லது அது அவர்களின் கற்பனையா? பிரான்சில் 2009-இல் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. செனகல் நாட்டு வழிவந்த, பிரான்சில் வளர்ந்த இரு பெண்களின் பெயரில் வேலை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒருத்தி மேரி தியூஃப், மற்றவள் கதீஜா தியூஃப். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, குடும்பப் பெயரும் ஒன்று. ஒருத்தி கிறிஸ்தவச் சேவை அமைப்பில் பணிபுரிந்ததாகவும், மற்றவள் முஸ்லிம் சேவை அமைப்பில் பணிபுரிந்ததாகவும் குறிப்பு. மேரிக்கு நூற்றுக்கு 21 இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, கதீஜாவுக்கு 8. மதத்தையே கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை என்று சட்டம் எழுதி வைத்த நாட்டில்! கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் இதுதான் என்று எங்கள் வகுப்பில் நான் எல்லோரிடமும் சொன்னேன்.

மதத்துக்குப் பங்கில்லையா?

இதுவரை படித்தவர்கள், மதத்தின் மேல் பழி வராமல் நழுவுகிறாள் என்று என்னை எண்ணக்கூடும். இல்லை. குண்டு வைத்தவர்கள் மதத்தின் மொழியில்தான் பேசினார்கள்; அவர்களுக்கு அதைப் போதித்தவர்கள் மதப் பிரசாரகர்கள்தாம். இதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் எந்த இடத்தில் போதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். தந்தையர் தொழுத பள்ளிவாசலில் சமய அறிஞர் உருதுவிலும் பஞ்சாபியிலும் பேசினார். இங்கிலாந்தில் பிறந்த மகனுக்கு அது பாதிதான் புரிந்தது. அவன் மனத்திலிருந்த கேள்விகள், இராக் போர் முதல் காதல் திருமணம் வரை, அங்கே கேட்கக்கூடியவையாக இல்லை. ஆங்கிலத்தில் விடை சொன்னவர்கள் வெளியே இருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்திலும் புத்தகக் கடையிலும் சிறு குழுக்களாகக் கூடினார்கள். தந்தையின் மதம் அவனைத் தீவிரவாதியாக்கவில்லை. அதிலிருந்தும் அறுந்து, பள்ளிக்கூடத்து ஆங்கிலேய நண்பர்களிடமிருந்தும் அறுந்து, நான்கைந்து பேர் மட்டும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் அறைக்குள் அவன் போய்ச் சேர்ந்தான். அந்த அறையில் 'நீ சொல்வது தவறு' என்று சொல்ல யாரும் இல்லை.

பல பண்பாட்டுக் கொள்கையின் குற்றத்தை நான் இங்கேதான் வைப்பேன். பிரிட்டிஷ் அரசு அதைக் கையாண்ட முறையில், ஒவ்வொரு சமூகத்துக்கும் 'தலைவர்கள்' என்று சிலரைக் கண்டுபிடித்து அவர்கள் வழியாகவே பேசிற்று. தலைவர்கள் என்றால் யார்? வயது முதிர்ந்த ஆண்கள். பெண்ணுக்கும் இளைஞனுக்கும் அந்த வரவேற்பறையில் நாற்காலி இல்லை. 1979-இல் இலண்டனில் தோன்றிய சவுத்தால் கறுப்புச் சகோதரிகள் என்ற அமைப்பு இதை எதிர்த்தே போராடியது. அதில் நம் நாட்டு வழிவந்த பெண்கள் நிறைய உண்டு. வீட்டில் அடிபடும் பெண் காவல் நிலையத்துக்கு வந்தால், 'அது உங்கள் பண்பாடு' என்று திருப்பி அனுப்பாதே என்பது அவர்கள் கோரிக்கை. வெள்ளையரின் இனவெறியையும் எதிர்த்தார்கள். தம் சமூகத்துப் பெரியவர்களையும் எதிர்த்தார்கள். பட்டிமன்றத்தின் எந்த அணியில் இவர்களை உட்கார வைப்பது?

மறு கரையிலும் அதே அறைதான். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவன் அந்நாட்டிலேயே பிறந்த வெள்ளையன். கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காக்கப் புறப்பட்டதாகச் சொல்லிக்கொண்டவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவனும் அத்தகையவனே. ஒருமைப்பாடு போதவில்லை என்று இவர்களைச் சொல்ல முடியுமா? இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் 2024 ஜூலை 29 அன்று மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டனர். கொன்றவன் அண்மையில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் பரவிற்று. உண்மையில் அவன் கார்டிஃப் நகரில் பிறந்தவன். பொய்யை நம்பியவர்கள் மறுநாள் மாலை பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அதற்கும் மறுநாள், அவ்வூர்க் கொத்தனார்களும் அண்டை வீட்டாரும் வந்து இடிந்த சுவரைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதும் செய்தித்தாளில் வந்தது, சிறிய எழுத்தில்.

பிறகு என்ன செய்வது?

இருபது வயதில் நாடுகளுக்கு யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனாலும் கருத்துரை என்று எழுத வந்தபின் கருத்தைச் சொல்லாமல் போவதும் முறையன்று. குடியேறியவர்களுக்கு நாட்டின் மொழியைக் கட்டணமின்றிக் கற்றுத்தர வேண்டும். கற்பது அவர்கள் கடமை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு. உடையையும் உணவையும் வழிபாட்டையும் அரசு தொடக்கூடாது. பள்ளியும் வேலையும் கலந்தே இருக்க வேண்டும்.

கலப்பது என்றால் வற்புறுத்தியா என்று கேட்பீர்கள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் அப்படித்தான் செய்கிறது. 1964-இல் மலாய், சீனக் கலவரங்களைக் கண்ட ஊர் அது. அரசு கட்டித்தரும் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை, இந்தியரும் பிறரும் இத்தனை என்று 1989 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். மின்தூக்கியில் தினமும் சந்தித்தே ஆக வேண்டும். எனக்கு இதில் பாதி மதிப்பும் பாதி தயக்கமும் உண்டு. சீனருக்கான வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் வீட்டை விற்க நினைத்தால் சீனர் அல்லாதாருக்குள்ளேயே ஆள் தேட வேண்டும், விலை குறைகிறது. ஒற்றுமையின் செலவைச் சிறியவன் தலையில் கூடுதலாக வைப்பது சரியா? ஆயினும் பிராட்போர்டின் இணைகோடுகளோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர் மின்தூக்கியே மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அரசு சொல்லி வரும் நட்பு நட்பாகுமா?" என்றார். ஆலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதையும் மேஸ்திரிதான் முடிவு செய்தார் என்றேன். சிரித்துக்கொண்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை. 2011-இல் பல பண்பாட்டுக் கொள்கை தோற்றது என்று மியூனிக் நகரில் முழங்கிய அதே பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், 2015-இல் அரசுப் பணி விண்ணப்பங்களைப் பெயரை மறைத்துவிட்டுப் பரிசீலிக்கும் முறை வரும் என்று அறிவித்தார். பெரிய நிறுவனங்கள் சிலவும் உடன்பட்டன. முன்னதற்கு உலகமெங்கும் தலைப்புச் செய்தி. பின்னதைப் பலர் கவனிக்கவே இல்லை. எனக்கு அவருடைய முதல் பேச்சைவிட இரண்டாவது அறிவிப்புதான் பெரிதாகப் படுகிறது. நம் பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளின் முகப்பைக் கிழித்துவிட்டு டம்மி எண் போட்டுத்தான் திருத்த அனுப்புகிறார்கள். திருத்துகிறவருக்கு என் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, என் அப்பா மூன்றாம் ஷிப்டு தொழிலாளி என்பதும் தெரியாது. கனிம வேதியியலில் நான் வாங்கிய 82 மதிப்பெண் அப்படி வந்தது. கதீஜாவுக்கும் ஒரு டம்மி எண் கொடுத்திருந்தால் அந்த 8, 21 ஆகியிருக்கும்.